மொட்டைமாடிக்கு மொட்டைமாடி: இணையத்தைக் கடத்தும் கம்பியில்லாப் பாலங்கள்

வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு பெரும்பாலும் ஒரே ஓர் அறையின் சுவரில் மாட்டப்பட்ட சிறு பெட்டியில் வந்து முடிகிறது. ஆனால் தமிழகத்துக் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் ஒரு குடும்பத்தின் வாழ்வும் தொழிலும் ஒரு கட்டடத்துக்குள் அடங்குவதில்லை. சாலையை ஒட்டி முன்வீடு, தோட்டத்துக்குள் பின்வீடு, கிணற்றடியில் மோட்டார் அறை, அதற்கப்பால் மாட்டுத்தொழுவம், நெல்லும் தேங்காயும் சேர்த்துவைக்கும் கிடங்கு என அது பல கூரைகளின் கீழ் பரவிக் கிடக்கிறது. பின்வீட்டில் படிக்கும் மாணவரின் இணையவழி வகுப்பும், கிடங்கின் கண்காணிப்புக் கேமராவும், தனியே தங்கியிருக்கும் முதியவருடன் நடக்கும் காணொளி உரையாடலும் முன்வீட்டுப் பெட்டியையே நம்பியிருக்கும்போது, அங்குள்ள இணைப்பைச் சில பத்து அல்லது சில நூறு மீட்டர் தள்ளியுள்ள இன்னொரு கட்டடத்துக்குக் குறையாமல் கொண்டுசெல்வது எப்படி என்ற கேள்வி எழுகிறது. அதற்குக் கிடைத்துள்ள விடைகளுள் ‘வயர்லெஸ் பிரிட்ஜ்’ எனப்படும் கம்பியில்லாப் பாலம் மிகவும் பயனுள்ளது. அதே வேளையில், சரியாகப் புரிந்துகொள்ளாமல் வாங்கப்பட்டு, ஓரிரு மழைக்காலங்களுக்குள் கைவிடப்படுவதும் அதுவே.

வீட்டு ரௌட்டர், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பெட்டி, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அதிர்வெண்களில் வைஃபை அலைகளை வெளியிடுகிறது. அந்த அலைகள் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறுவதால் எந்த ஒரு திசைக்கும் சிறு பங்கு ஆற்றலே போய்ச் சேர்கிறது. அந்தச் சிறு பங்கையும் செங்கல் சுவரும், கம்பி பின்னிய கான்கிரீட்டும், தகரக் கூரையும் விழுங்கிவிடுகின்றன. இதற்குத் தீர்வாகப் பலரும் முதலில் வாங்குவது ‘எக்ஸ்டெண்டர்’ எனப்படும் நீட்டிப்புக் கருவியே. அது ரௌட்டரின் அலையைப் பிடித்து மீண்டும் ஒலிபரப்புகிறது என்றாலும், மலிவான எக்ஸ்டெண்டர்களில் ஒரே வானொலிப் பகுதியே கேட்கவும் பேசவும் பயன்படுவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. தவிர, ஏற்கெனவே நலிந்துபோன அலையைப் பிடித்து அந்த நலிவையே அது பெருக்கித் தருகிறது. ஒரு வீட்டுக்குள் மாடிப்படி தாண்டிய அறைக்கு எக்ஸ்டெண்டர் உதவலாம். இரு கட்டடங்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளியைக் கடக்க அது உருவாக்கப்படவில்லை.

பாலம் என்பது இரு கருவிகளின் இணை. ஒன்று முன்வீட்டின் வெளிப்புறச் சுவரிலோ மொட்டைமாடிக் குழாயிலோ பொருத்தப்பட்டு ரௌட்டருடன் கேபிளால் இணைக்கப்படுகிறது. மற்றொன்று எதிர்க் கட்டடத்தில் முதற்கருவியை நேர்நோக்கி நிற்கிறது. இரண்டும் தமக்குள் மட்டுமே பேசிக்கொள்கின்றன. கைப்பேசிகளோ கணினிகளோ அவற்றுடன் நேரடியாக இணைவதில்லை. ஒரு முனையில் கேபிள் வழியாக நுழையும் தரவு மறுமுனையில் அப்படியே கேபிளில் வெளிவருவதால், இரு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு நீண்ட கேபிள் இழுக்கப்பட்டிருந்தால் எப்படியோ அப்படியே மற்றக் கருவிகளுக்கு அது தோன்றுகிறது. யுபிக்விட்டி, மைக்ரோடிக், டிபி-லிங்க் முதலிய நிறுவனங்கள் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கின்றன. சில, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒன்றையொன்று அறிந்த இணையாக விற்கப்படுகின்றன.

பாலத்தின் வலிமை அதன் ஆன்டெனாவில் இருக்கிறது. எல்லாத் திசையிலும் சிதறும் ஆற்றலை அது ஒரு திசையில் குவிக்கிறது. அந்தக் குவிப்பின் அளவை டெசிபெல்லில் குறிக்கிறார்கள். 13 டெசிபெல் குவிப்பு என்பது அந்த ஒரு திசையில் ஆற்றலை 20 மடங்காக்குவதற்குச் சமம். ஆகவே, 200 மில்லிவாட் மட்டுமே வெளியிடும் கருவி அத்தகைய ஆன்டெனாவுடன் சேரும்போது, எதிர்க் கட்டடத்தின் நோக்கில் 4 வாட் கருவியைப் போலச் செயல்படுகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் இப்படி இரு கருவிகள் 100 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்குமானால், இடையில் தடையில்லாத நிலையில், பெறப்படும் அலையின் அளவு கணக்குப்படி மைனஸ் 39 டிபிஎம் அளவில் இருக்கும். 1 கிலோமீட்டர் என்றால் மைனஸ் 59. டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டு அலையின் வலுவைச் சொல்லும் அளவுகோல். எண் சுழியத்தை நெருங்க நெருங்க அலை வலுப்பெறுகிறது. மைனஸ் 45 முதல் 60 வரையிலான அளவே நல்ல இணைப்புக்குத் தாராளமானது என்பதால், 100 மீட்டர் பாலத்தில் கருவியின் ஆற்றலைக் குறைத்துவைப்பதே முறை. அளவுமீறிய வலு எதிர்க்கருவியின் செவியைத் திணறச் செய்வதோடு அக்கம்பக்கத்து இணைப்புகளுக்கும் இடையூறாகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கான தொலைவுகளில் ஆற்றல் பற்றாக்குறை என்பது அநேகமாக இல்லாத சிக்கல். ஆயினும் கடைகளில் கருவிகள் ‘5 கிலோமீட்டர்’, ‘15 கிலோமீட்டர்’ என்னும் எண்களைக் காட்டியே விற்கப்படுகின்றன.

உண்மையான சிக்கல் பாதையில் இருக்கிறது. இரு ஆன்டெனாக்களுக்கும் நடுவே பார்வைக்கோடு, அதாவது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்ணால் காணக்கூடிய நேர்க்கோடு, திறந்திருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோடு மட்டும் திறந்திருந்தால் போதாது. வானொலி அலை நூலிழையாகச் செல்வதில்லை. இரு முனைகளில் குறுகி நடுவில் பருத்த ஒரு வெளியை நிரப்பிக்கொண்டு செல்கிறது. ஒளியின் அலை இயல்பை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் அகுஸ்தென் ஃப்ரெனெலின் பெயரால் அந்த வெளி ஃப்ரெனெல் மண்டலம் எனப்படுகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் பாலத்தின் நடுவில் அதன் ஆரம் ஏறத்தாழ 1.1 மீட்டர், 1 கிலோமீட்டர் பாலத்தில் 3.6 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே 1 கிலோமீட்டருக்கு 5.6 மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் விதி. எதிர்வீட்டு ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தும் இணைப்பு தள்ளாடுகிறது என்றால், இடையிலுள்ள கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ கீற்றுக்கூரையின் முகடோ அந்த மண்டலத்துக்குள் புகுந்திருப்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

சுவரும் தொட்டியும் நகர்வதில்லை. மரம் வளர்கிறது, அசைகிறது, நனைகிறது. இலைகளில் உள்ள நீர் வைஃபை அலைகளை உறிஞ்சிக்கொள்வதால், இலையடர்ந்த ஒரு வேப்பமரமோ மாமரமோ 5 கிகாஹெர்ட்ஸ் பாலத்தை முழுமையாக அறுத்துவிடக்கூடும். தென்னந்தோப்பின் நிலை இன்னும் நுட்பமானது. கன்றுப் பருவத்தில் வழிவிட்ட மரங்கள் சில ஆண்டுகளில் மட்டைகளைச் சரியாக ஆன்டெனா உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பின்னும் சில ஆண்டுகள் கழித்து அதே மரங்கள் கொண்டையை மேலே தூக்கிக்கொள்ள, தூண்களைப் போன்ற அடிமரங்களின் இடைவெளியில் பாதை மீண்டும் திறக்கிறது. காற்று வீசும்போது மட்டைகள் குறுக்கே வந்து விலகுவதால், சில நொடிகளுக்கு ஒருமுறை வேகம் விழுந்து எழுகிறது. காணொளி உறைந்து உறைந்து ஓடுவதற்கு இணைய நிறுவனத்தைக் குறைசொல்லும் பலரின் வீட்டில் உண்மையான காரணம் இந்த மட்டை அசைவாக இருக்கலாம். மழைத்துளி மட்டும் எனில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சில நூறு மீட்டரில் பொருட்படுத்தத்தக்க இழப்பே இல்லை. மழை நாளில் பாலம் அறுகிறது என்றால், நனைந்த இலைகள் பாதையில் இருக்கின்றன, அல்லது கேபிள் முனைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இவ்விரண்டையும் தவிர வேறு காரணம் அரிது. 60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் புதிய வகைக் கருவிகளுக்கு மட்டும் மழை ஒரு மெய்யான பகை. அந்த அதிர்வெண்ணை வளிமண்டல ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபெல் உறிஞ்சுகிறது.

தேனியில் கிடைத்த பாடம்

கம்பியில்லாப் பாலம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அறிய உலகின் ஆய்வாளர்கள் ஆராய்ந்த இடங்களுள் ஒன்று தமிழகத்தின் தேனி. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனியில் ஒரு கிளையைத் திறந்தது. தொலைவிலுள்ள ஊர்களின் நோயாளிகள் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தேனிக்குப் பயணம் செய்யாமல், தத்தம் ஊருக்கு அருகிலுள்ள பார்வை மையத்தில் அமர்ந்தபடியே காணொளி வழியாக மருத்துவரிடம் கலந்துபேச வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நோக்கம். அன்றைய தொலைபேசி இணைப்புகள் அதற்குப் போதவில்லை. 2000-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, மலிவான வைஃபை வானொலிகளையும் திசை ஆன்டெனாக்களையும் கொண்டு அங்கு ஒரு வலையமைப்பை நிறுவியது. முதலில் ஐந்து பார்வை மையங்கள் தேனியுடன் இணைக்கப்பட்டன. 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை நீண்ட ஒன்பது பாலங்கள் அவற்றைத் தாங்கின. கோபுரங்கள் மட்டுமன்றிக் கட்டட மொட்டைமாடிகளில் நட்ட குட்டைக் கம்பங்களும், ஒரு நூற்பாலை வளாகத்தின் புகைபோக்கியுங்கூட ஆன்டெனாக்களைச் சுமந்தன.

அங்கு முதலில் வெளிப்பட்டது வைஃபையின் பிறவிக்குறை. ஒவ்வொரு தரவுத் துண்டும் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனை ‘பெற்றேன்’ என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் துண்டு தொலைந்ததாகக் கருதி அனுப்புநர் மீண்டும் அனுப்புவார். அந்தக் காத்திருப்பு நேரம் அறைகளுக்கும் வளாகங்களுக்கும் ஏற்பக் குறிக்கப்பட்டது. ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கே 1 கிலோமீட்டர் கடக்க 3.3 மைக்ரோநொடி ஆவதால், 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி ஆகிறது. அதற்குள் அனுப்புநர் பொறுமையிழந்துவிடுகிறார். ஒப்புகைகளைத் துண்டுதுண்டாக அன்றித் தொகுப்பாக அனுப்புவது, இரு முனைகளும் முறைவைத்துப் பேசுவது, இழப்பை முன்கூட்டியே ஈடுசெய்யும் கூடுதல் தரவைச் சேர்த்தனுப்புவது என மூன்று மாற்றங்களைச் செய்து, வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு பயன்வேகத்தை எட்டியதாக அக்குழு 2007-இல் தன் ஆய்வுரையில் பதிவுசெய்தது. இன்று கடையில் கிடைக்கும் பாலக் கருவிகளில் ‘தொலைவு’ என்றொரு அமைப்பு இருப்பதும், முறைவைத்துப் பேசும் வசதி இருப்பதும் இதே சிக்கலுக்கான விடைகளே. சில நூறு மீட்டர் பாலத்துக்கு அந்தத் ‘தொலைவு’ அமைப்பு தானாகவே சரியாக அமைந்துவிடும்.

ஆனால் தேனி ஆய்வின் இரண்டாம் பகுதி, 2008-இல் வெளிவந்தது, வீட்டுப் பயனாளர்களுக்கு முதற்பகுதியைவிட முக்கியமானது. வலையமைப்பு நின்றுபோனபோதெல்லாம் பெரும்பாலும் குற்றவாளியாக இருந்தது வானொலி அல்ல, மின்சாரம். தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் ஆறு வாரம் அளந்தபோது, 70 வோல்ட்டுக்குக் கீழிறங்கிய தாழ்வுகளும், 350 வோல்ட்டைத் தாண்டிய ஏற்றங்களும், 1000 வோல்ட்டை எட்டிய கணநேரத் துள்ளல்களும் பதிவாயின. மின்சாரம் முழுமையாக நின்றால் கருவி நின்று, வந்தால் தானே எழுகிறது. பாட்டரி மெல்ல வடியும்போதோ, கருவி எழவும் முடியாமல் அணையவும் முடியாமல் இடைநிலையில் சிக்கிக்கொள்கிறது, அதன் நினைவகமும் கெட்டுப்போகிறது. மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் முற்றாகத் துண்டித்துவிடும் சிறு மின்சுற்றைச் சேர்ப்பது, கோபுரம் ஏறாமலேயே கோளாறைக் கண்டறியும் வழிகளை அமைப்பது, உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது ஆகியவையே அந்த வலையமைப்பை நிலைநிறுத்தின. 2007-இல் வெனிசுலாவின் மலைமுகடுகளுக்கு நடுவே வைஃபை 382 கிலோமீட்டரைக் கடந்தது உலகச் செய்தியானது. சாதாரண மக்களுக்குப் பயன்படும் அறிவு தேனியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த பராமரிப்பிலிருந்துதான் அதிகம் கிடைத்தது.

மின்சாரமும் இடியும்

பாலக் கருவிகளுக்கு மொட்டைமாடியில் தனி மின்முனை தேவையில்லை. தரவு செல்லும் அதே கேபிளின் வழியாக மின்சாரமும் ஏறுகிறது. இம்முறை ‘பிஓஇ’ எனப்படுகிறது. ரௌட்டருக்கும் கருவிக்கும் இடையே, வீட்டுக்குள் வைக்கப்படும் சிறு அடாப்டர் மின்சாரத்தைக் கேபிளில் சேர்க்கிறது. சில கருவிகள் 24 வோல்ட் கேட்பவை. பொதுத் தரமுறையைப் பின்பற்றுபவை 48 வோல்ட் அளவில் இயங்குபவை. ஒன்றன் அடாப்டரை மற்றொன்றுக்கு மாட்டினால் கருவி எரிந்துபோகக்கூடும் என்பதால், கருவியுடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துவது பாதுகாப்பானது. ரௌட்டர், இரு முனைகளிலுமுள்ள அடாப்டர்கள் ஆகிய அனைத்தும் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்தால்தான் மின்தடையின்போது பாலம் தொடர்ந்து இயங்கும். ஒரு முனைக்கு மட்டும் மின்சாரம் இருப்பதால் பயனில்லை.

கோடைமழையின் இடியும் வடகிழக்குப் பருவமழையின் இடியும் மொட்டைமாடிக் கருவிக்குப் பெரிய அச்சுறுத்தல். இடி நேரடியாக விழ வேண்டியதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலும் நீண்ட செம்புக் கேபிளில் திடீர் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, கேபிள் வழியே வீட்டுக்குள் இறங்கி ரௌட்டரையும் கணினியையும் தாக்குகிறது. உலோக உறையிட்ட வெளிப்புறக் கேபிள், கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மின்தாக்குத் தடுப்பான், குழாய்க்கும் தடுப்பானுக்கும் முறையான எர்த் இணைப்பு ஆகிய மூன்றும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியவை. கட்டடத்தின் உச்சிப்புள்ளியில் கருவியை நிறுத்துவதைவிட, பார்வைக்கோடு கிடைக்கும் மட்டில் சுவர்ப் பக்கமாகத் தாழ்த்திப் பொருத்துவது நல்லது.

இரு கட்டடங்களுக்கு நடுவே செம்பு ஈத்தர்நெட் கேபிளையே இழுத்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பானது. அதன் எல்லை 100 மீட்டர். ஆனால் இரு கட்டடங்களின் எர்த்துகளும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கக்கூடும் என்பதாலும், இடியின் மின்னோட்டத்தை அது ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏந்திச் செல்லும் என்பதாலும் அது தவிர்க்கத்தக்கது. கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மரமோ காற்றோ அக்கம்பக்கத்து அலைகளோ அதைத் தொடுவதில்லை. இரு முனைகளிலும் ஒளியைத் தரவாக மாற்றும் சிறு பெட்டிகள் இருந்தால் போதும். தன் நிலத்துக்குள்ளேயே குழாய் புதைக்க இடமிருக்கும் குடும்பத்துக்குக் கம்பியில்லாப் பாலத்தைவிட ஃபைபரே சிறந்தது என்பதை ஐயமின்றிச் சொல்லலாம். பாலம் தேவைப்படுவது, இடையில் ஊர்ப் பாதையோ வாய்க்காலோ பிறர் நிலமோ இருக்கும்போது, அல்லது தோண்ட முடியாத சிமெண்டுத் தளம் இருக்கும்போது. கருவிகளை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அமைக்கும்போது

எதிர்க் கட்டடத்தில் பாலத்தின் கேபிள் இறங்கியதும், அங்குள்ள அறைகளுக்கு வைஃபை தர இன்னொரு ரௌட்டர் தேவைப்படுகிறது. அதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலைக்கு மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் பணியை முன்வீட்டு ரௌட்டரிடமே விட்டுவிட வேண்டும். இருவர் முகவரி வழங்கினால் குழப்பமே மிஞ்சும். அலைவரிசையின் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் காகிதத்தில் வேகம் கூடும். நெரிசலான ஊர்ப்பகுதியிலோ 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸே அமைதியாக ஓடும். பாலம் ஒரே காற்றுவெளியில் முறைவைத்துப் பேசுவதால், கருவி காட்டும் இணைப்பு வேகத்தில் பாதியளவே உண்மைப் பயனுக்குக் கிடைக்கும். 300 மெகாபிட் என்று காட்டும் பாலம் 150 மெகாபிட் தந்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. பாலத்தின் இணைப்புக்கு வலுவான மறையாக்கமும், கருவியின் நிர்வாகப் பக்கத்துக்குப் புதிய கடவுச்சொல்லும் கட்டாயம். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் எவருக்கும் தெரியும்.

சட்டம் இந்த முயற்சிக்கு வழிவிட்டே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு 2005 ஜனவரியில் அனுமதித்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அலைக்கற்றை அவ்வாறே திறந்துவிடப்பட்டது. ஆற்றல் வரம்புகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் கருவியில் ‘இந்தியா’ என்ற நாட்டைத் தேர்ந்தெடுத்தே இயக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸின் சில பகுதிகளில் வானிலை ரேடார்களும் இயங்குகின்றன. ரேடார் அலையை உணர்ந்ததும் விலகிக்கொள்ளும் வசதியைக் கருவிகளில் அணைத்துவைப்பது தவறு. அலைக்கு உரிமம் வேண்டாம் என்பது இணைப்பை விற்கலாம் என்று பொருளல்ல. சொந்தக் கட்டடங்களுக்குள் பகிர்வது ஒன்று. அக்கம்பக்கத்தாரிடம் பணம் பெற்று வழங்குவது வேறொன்று. பின்னதை விரும்புவோருக்காகவே 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ் ஒரு பெட்டிக்கடைக்காரரும் தனி உரிமமின்றிப் பொது வைஃபை வழங்க முடியும்.

இப்படிப்பட்ட பாலத்தை வீட்டாரே அமைத்துக்கொள்ளலாம். பலரும் கேமரா பொருத்துபவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஒப்படைக்கும் குடும்பங்கள் கருவி வாங்கும் முன்பே அவரை இரு மொட்டைமாடிகளிலும் ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இடையிலுள்ள மரங்கள் மூன்று ஆண்டு வளர்ந்தால் எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் இரு கருவிகளின் முகவரி, கடவுச்சொல், அன்று பதிவான அலையின் டிபிஎம் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னாளில் இணைப்பு தளரும்போது அன்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டாலே கோளாறு மரத்திலா, கருவியிலா, இணைய நிறுவனத்திடமா என்பது வீட்டாருக்கே தெரிந்துவிடும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை கூலியின் கடைசித் தவணையைக் கொடுத்துவிட வேண்டாம்.